பெட்ரோல் முள்ளை நம்பும்படி செய்வது எப்படி: என்ஜினும் டேங்கும் மாற்றிய பழைய அம்பாசடருக்கு

பழைய காரின் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், கையில் ஒரு புது மீட்டரை வாங்கிக்கொண்டே வருகிறார்கள். மீதிப் பேர் புது டேங்க் யூனிட்டை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் மீட்டர் பழுது பார்ப்பவன். பொருள் விற்றால் எனக்கும் நாலு காசு வரும். இருந்தாலும் சொல்கிறேன்: அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். முப்பது ரூபாய் ரெசிஸ்டரில் (மின்தடைத் துண்டில்) தெரிந்துகொள்ள வேண்டியதை மூவாயிரம் ரூபாய் மீட்டரில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் முள் பெட்ரோலை அளப்பதில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை ஏறி இறங்குகிறது. அதன் கம்பி ஒரு மின்தடைச் சுருளின்மேல் நகர்கிறது. மிதவையும் சுருளும் சேர்ந்ததுதான் டேங்க் யூனிட். அந்தத் தடை எத்தனை ஓம் என்பதைத்தான் முள் காட்டுகிறது. லிட்டர் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. டேங்க், டேங்க் யூனிட், மீட்டர் மூன்றும் கம்பெனியிலிருந்து ஒன்றுக்கொன்று பொருத்தமாக வந்தவை. மூன்றில் ஒன்றை மாற்றினாலும் பொருத்தம் போய்விடும்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். தாம்பரத்துக்காரர் ஒருவரின் மார்க் 2 அம்பாசடர். காண்டசா காரில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜினை ஏற்றியிருந்தார். துருப்பிடித்த பழைய டேங்கை எறிந்துவிட்டு 45 லிட்டர் எவர்சில்வர் டேங்க் ஒன்றை அடித்து வாங்கியிருந்தார். டேங்க் செய்தவர் கையில் கிடைத்த, ஏதோ ஒரு ஜப்பானிய வழிக் காரின் டேங்க் யூனிட்டை அதில் பொருத்திக் கொடுத்துவிட்டார். மீட்டர் மட்டும் பழையதே. அதை மாற்றக் கூடாது, அந்த முகப்புக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன் என்பது உரிமையாளரின் கட்டளை. குறை இதுதான்: முள் கால் கோட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. கால் டேங்க் இருக்கிறது என்று நம்பிப் போன வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுவிட்டது.

உங்கள் மீட்டர் எந்த இனம்?

சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். சட்டென்று துள்ளி எழுந்து நின்றால் உள்ளே காந்தச் சுருள்கள் இருக்கின்றன. சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினால் அது வெப்பத்தால் வளையும் இரட்டை உலோகப் பட்டை வைத்த மீட்டர். பட்டையைச் சுற்றியிருக்கும் கம்பி சூடானால்தான் முள் நகரும். வண்டியின் வருடத்தை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். அம்பாசடர் 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் உத்தர்பாராவில் வெளிவரத் தொடங்கி 2014 வரை ஓடிய வண்டி. இத்தனை வருடத்தில் ஒரு வண்டியின் டேஷ்போர்டு இன்னொரு வண்டிக்குப் போவது சர்வ சாதாரணம். ஆர்.சி. புத்தகம் ஒரு வருடம் சொல்லும், மீட்டர் வேறொரு வருடம் சொல்லும்.

இனம் தெரிவது ஏன் முக்கியம் என்றால், வெப்ப மீட்டருக்குப் பாட்டரியின் மின்சாரம் நேரடியாகப் போகக் கூடாது. நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் நின்று 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியாக ஏறுவதால், 10 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 13.8 வோல்ட் போனால் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். டேங்கில் இருப்பதைவிட மிக அதிகமாக முள் காட்டும். நாளாவட்டத்தில் கம்பியும் கருகிவிடும். காந்தச் சுருள் மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு சுருள்களின் இழுப்புக்கு இடையே உள்ள விகிதத்தைத்தான் அது காட்டுகிறது. பாட்டரி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டுமே சேர்ந்து ஏறி இறங்கும்.

வெப்ப மீட்டர் உள்ள வண்டியில் டேங்க் ஒயரைக் கழற்றி நேரடியாக பாடியில் தொட்டு 'முள் ஃபுல்லுக்குப் போகிறதா' என்று பார்க்கும் பழக்கம் நம் எலக்ட்ரீஷியன்களுக்கு உண்டு. ஒன்றிரண்டு நொடி தொட்டு எடுத்தால் பிழைத்தது. தொட்ட கையோடு டேஷ்போர்டை எட்டிப் பார்க்க நடந்து போனால் மீட்டர் போய்விடும்.

ரெசிஸ்டர்களால் ஒரு சோதனைப் பெட்டி

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 22, 68, 240 ஓம் ரெசிஸ்டர்கள் மூன்றை வாங்குங்கள். ஒவ்வொன்றும் 2 வாட் தாங்க வேண்டும். காலணா அளவில் கிடைக்கும் கால் வாட் சமாச்சாரம் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒயர் வைத்துப் பற்றவைத்து முதலை கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வெப்ப மீட்டர்களில் ஏறக்குறைய 240 ஓம் என்றால் காலி, 68 என்றால் பாதி, 20 என்றால் ஃபுல்.

டிக்கியில் டேங்க் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொரு ரெசிஸ்டராக மாட்டுங்கள். சாவியைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மூன்று ரெசிஸ்டருக்கும் முள் அந்தந்தக் கோட்டில் போய் நின்றால் மீட்டர், ஸ்டெபிலைசர், ஒயரிங் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. குற்றம் டேங்குப் பக்கம். மூன்றுக்கும் ஒரே மாதிரி கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசரைச் சந்தேகப்படுங்கள். அப்போது பக்கத்திலிருக்கும் வெப்பநிலை மீட்டரையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்டெபிலைசரில் ஓடுகின்றன என்றால் இரண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். ரேடியேட்டரைப் பிரித்து, தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்து, கடைசியில் ஸ்டெபிலைசரின் எர்த் திருகு தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

வேறு மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு எண்கள். அமெரிக்க வழியில் கடைகளில் விற்கும் மீட்டர்கள் பெரும்பாலும் காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. 1965-க்குப் பிறகான ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஐரோப்பிய வழியில் வி.டி.ஓ. கம்பெனி மீட்டர்கள் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. பின்னிரண்டும் திசையே தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். திசை தலைகீழான மீட்டரையும் டேங்க் யூனிட்டையும் எந்த ரெசிஸ்டராலும் சமாதானப்படுத்த முடியாது.

ஸ்டெபிலைசரைப் புதுப்பித்தல்

பழைய ஸ்டெபிலைசருக்குள்ளும் ஒரு வெப்பப் பட்டைதான். அது 12 வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுத்து சராசரியில் 10 ஆக்குகிறது. அதனால் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் ஒழுங்கான தாளத்தில் ஆடினால் அது உயிரோடுதான் இருக்கிறது.

மாற்றுவதென்றால், 10 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7810 என்ற மூன்று கால் ஐ.சி. போதும். எழுத்துகள் உங்களைப் பார்த்திருக்க, இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் எர்த், வலது கால் 10 வோல்ட். உள்வரும் பக்கம் 0.33, வெளிச்செல்லும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்கள். முதுகிலுள்ள உலோகத் தகடும் எர்த்தோடு சேர்ந்ததுதான். பழைய ஸ்டெபிலைசரின் டப்பாவுக்குள்ளேயே திருகி வைத்துவிட்டால் வெளிப் பார்வைக்குக் கம்பெனிப் பொருள்போலவே இருக்கும். இந்த ஐ.சி.க்குத் தான் கொடுப்பதைவிட ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். பாட்டரி சோர்ந்திருக்கும்போது என்ஜின் ஓடாமல் அளந்தால் முள் கொஞ்சம் குறைத்தே காட்டும். அது பிடிக்காதவர்கள் 10 வோல்ட் வகை எல்எம் 2940 வாங்கலாம். அதற்கு அந்த இடைவெளி மிகக் குறைவு.

பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பழையவை சில இன்னும் பாசிட்டிவ் எர்த்தில், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் சேர்த்து, ஓடுகின்றன. அவற்றில் 7810 போட்டால் போட்ட நொடியில் போய்விடும். அங்கே அதன் நெகட்டிவ் ஜோடியான 7910 வேண்டும். அதன் கால்களின் வரிசையே வேறு. முதுகுத் தகடு எர்த்தோடு சேராமல் உள்வரும் காலோடு சேர்ந்திருக்கும். மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாசரும் இல்லாமல் பாடியில் திருகினால் ஷார்ட்தான்.

எர்த், எர்த், எர்த்

தாம்பரம் வண்டியில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் அதே தாளத்தில் லேசாகத் தலையாட்டியது. வெப்ப மீட்டர் இவ்வளவு வேகமாக ஆடாதே என்று உற்றுப் பார்த்தால், ஆட்டம் ஒரு மயிரிழைதான், ஆனால் இருந்தது. பிரேக் மிதித்தபடி வைத்திருந்தால் நிதானமாக இறங்கவே செய்தது. இப்படிப் பின்விளக்கோடு சேர்ந்து முள் அசைந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், டேங்கின் எர்த் சரியில்லை.

காரணம் கண்ணெதிரே இருந்தது. புது டேங்க் அதிராமல் இருக்க ரப்பர் பட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பிடித்திருந்த பட்டிகளும் பெயின்ட் அடித்தவை. டேங்க் யூனிட்டின் விளிம்பும் சீலன்ட் பூச்சின்மேல். அதாவது டேங்குக்கும் பாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பின்விளக்குகளுக்கான எர்த் ஒயர் ஒன்றின் வழியாக மட்டும் மின்சாரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் அந்த ஒயரில் நெரிசல். மீட்டருக்கு அது கூடுதல் தடையாகத் தெரிகிறது.

தீர்வு எளிது. டேங்க் யூனிட்டின் விளிம்புத் திருகு ஒன்றிலிருந்து ஒரு தனி ஒயரை பாடிக்கு இழுங்கள். பாடியில் ஒரு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிய வையுங்கள். ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) வைத்து அழுத்தி முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் கலையை இங்கே காட்ட வேண்டாம். பிறகு மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டேங்க் யூனிட்டின் உடம்பிலும் மறுமுனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். விளக்குகள் எல்லாம் எரியும்போதும் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஃபைபர் டேங்க் வைத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்தத் தனி ஒயர் இல்லாமல் முள் அசையவே அசையாது.

டேங்க் யூனிட்டை வெளியே எடுத்து அளத்தல்

இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பாட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். பீடி, சிகரெட், பட்டறையில் பக்கத்தில் வெல்டிங், எதுவும் கூடாது. காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம். அதில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி.

வெளியே எடுத்த யூனிட்டைத் துடைத்து ஆவி போக விட்டு, மல்டிமீட்டரை 200 ஓமில் வையுங்கள். எண் எல்லையைத் தாண்டினால் அடுத்த அளவுக்கு மாற்றுங்கள். முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டுகிற சில்லறை ஓமைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலும் கழியுங்கள். பிறகு மிதவைக் கம்பியை அடியிலிருந்து மேல்வரை நிதானமாக நகர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும். நடுவில் எங்காவது 'ஓ.எல்.' (அளவுக்கு மேல், அதாவது தொடர்பு அறுந்தது) என்று காட்டிவிட்டுத் திரும்ப வந்தால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது முள் திடீரென்று காலிக்கு விழுந்து எழுவது அதனால்தான். லேசான கறுப்புப் படிவுதான் என்றால் கான்டாக்ட் கிளீனரால் போகும். கம்பி அறுந்திருந்தால் யூனிட்டை மாற்ற வேண்டியதுதான்.

தாம்பரம் வண்டியின் யூனிட் அடியில் 110 ஓமும் உச்சியில் 3 ஓமும் காட்டியது. ஜப்பானிய வழி வண்டிகள் பலவற்றில் இதுதான் கணக்கு. புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது. காலி என்று காட்ட மீட்டருக்கு 240 ஓம் வேண்டும். யூனிட் தன் பங்குக்கு 110-க்கு மேல் போகவே முடியாது. 110 என்றால் அந்த மீட்டரின் பாஷையில் ஏறக்குறைய கால் டேங்க். பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்தாலும் கால் டேங்க்தான். எதிர்ப்பக்கம் 3 ஓமில் முள் ஃபுல் கோட்டைத் தாண்டிப்போய் முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே கம்பியும் தேவைக்கு மேல் சூடாகும்.

மிதவையையும் சோதியுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கிறதா? ஊசித்துளை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. சத்தம் இல்லையென்றாலும் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. ஆவி போகும்வரை காயவைக்காமல் சூட்டுக்கோலை அருகில் கொண்டுபோகாதீர்கள். கார்க் மிதவை வைத்த யூனிட் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய கார்க் மிதவைகளுக்கு அரக்குப் பூச்சு பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, எத்தனாலில் கரையும். இன்று பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பூச்சு போன கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து, முழு டேங்கிலும் பாதி மூழ்கிக் கிடக்கும்.

ரெசிஸ்டரால் எது முடியும், எது முடியாது

'ஒரு ரெசிஸ்டர் போட்டு அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள்' என்று கேட்கிறவர்களுக்கு நான் தாளில் எழுதிக் காட்டுவது இதுதான். யூனிட்டின் ஒயரிலேயே தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் காலி, ஃபுல் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஓம் கூடும். இணையாக, அதாவது ஒயருக்கும் எர்த்துக்கும் குறுக்கே, சேர்த்தால் இரண்டு பக்கமும் குறையும், பெரிய எண் அதிகமாகக் குறையும். ஆகவே ரெசிஸ்டரால் வீச்சைத் தள்ளிவைக்கலாம், சுருக்கலாம். நீட்ட முடியாது.

சுருக்குவதற்கு ஓர் உதாரணம். உங்கள் யூனிட் காலியில் 300, ஃபுல்லில் 40 காட்டுகிறது. மீட்டர் கேட்பதோ 240-ம் 33-ம். 1,200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை யூனிட்டுக்கு இணையாகப் போட்டால் காலி சரியாக 240-க்கு வரும், ஃபுல் ஏறத்தாழ 38.7-க்கு வரும். காலிப் பக்கம் கச்சிதம், ஃபுல் பக்கம் ஒரு நூல் குறைவு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஃபுல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே முள் நின்றதால் யாரும் நடுரோட்டில் நின்றதில்லை. எந்தச் சரிக்கட்டலிலும் காலிப் பக்கத்தை முதலில் பொருத்துங்கள், மிச்சம் மீதியை ஃபுல் பக்கம் தள்ளுங்கள்.

தாம்பரம் வண்டிக்கு இது செல்லவில்லை. 18 ஓமைத் தொடராகச் சேர்த்தால் ஃபுல் 21 ஆகும், அந்தப் பக்கம் பிரமாதம். காலி 128 ஆகும். முள் கால் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். 107 ஓம் வீச்சை 220 ஓம் வீச்சாக இழுக்க எந்த ரெசிஸ்டருக்கும் வழி தெரியாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இரண்டு முனைகளும் பொருந்திவிட்டால் நடுவும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். கடையில் விற்கும் 240–33 வகை யூனிட் பாதியில் ஏறக்குறைய 103 ஓம் காட்டும். நம் பழைய வெப்ப மீட்டருக்குப் பாதி என்பது 68. பெட்ரோல் பாதி இருக்கும்போது முள் கால் கோட்டை ஒட்டித்தான் நிற்கும்.

ஆக மூன்று வழிகள். ஒன்று, பழைய மீட்டருக்கென்றே செய்த அசல் வகை யூனிட்டைத் தேடிப் பிடித்துப் புது டேங்கில் பொருத்துவது. டேங்கின் ஆழம் பழையதை ஒட்டியிருந்தால் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. இரண்டு, மீட்டரையும் யூனிட்டையும் ஜோடியாக ஒரே கணக்கில் வாங்கி, புது மீட்டரின் எந்திரத்தில் பழைய முகப்பையும் முள்ளையும் ஏற்றுவது. முள் சுழலும் கோணம் ஒத்துவந்தால் நாங்கள் இதைச் செய்து கொடுப்போம். மூன்று, யூனிட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு மின்னணு மாற்றிப் பெட்டி வைப்பது. யூனிட் இத்தனை ஓம் காட்டினால் மீட்டருக்கு இத்தனை ஓமாகக் காட்டு என்று பல புள்ளிகளில் அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். வண்டியில் பொருள் கூடக் கூடப் பழுதும் கூடும். ஆனால் கோணல்மாணலாக அடித்த டேங்குக்கு மூன்றாவது வழிதான் சரிப்படும். தாம்பரத்துக்காரருக்கு அதைத்தான் செய்தேன்: 240–33 வகைக் குழாய் யூனிட் (மிதவை கம்பியில் ஆடாமல் நட்ட குழாயில் ஏறி இறங்கும் வகை), மாற்றிப் பெட்டி, அவர் உயிரை விடும் அந்தப் பழைய முகப்பு.

புது டேங்கில் யூனிட்டை உட்கார வைத்தல்

குழாய் யூனிட் என்றால் டேங்கின் உள் ஆழத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக வாங்குங்கள். எவர்சில்வர் தகடு அதிர்வில் கொஞ்சம் உப்பி அமுங்கும். குழாயின் நுனி அடியில் இடிக்கக் கூடாது. கம்பி யூனிட் என்றால் மிதவை காலியில் அடித் தகட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கும்படியும், ஃபுல்லில் மேல் தகட்டைத் தொடாதபடியும் கம்பியை வளையுங்கள். டேங்குக்குள் அலையடக்கும் தடுப்புத் தகடுகள் இருந்தால் மிதவை முழு வீச்சுக்கும் அதில் உரசாமல் போகிறதா என்று டேங்க் செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். மூடியபின் பார்க்க வழியில்லை.

எந்த வகையானாலும் டேங்கின் நடுப்பகுதியில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் முள் ஊஞ்சலாடும். ஆட்டத்தை அடக்கக் கப்பாசிட்டர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். 100 ஓமுக்கு 1,000 மைக்ரோஃபாரட் போட்டாலும் தாமதம் பத்தில் ஒரு நொடிதான். பெட்ரோல் அலைக்கு அது எந்த மூலைக்கு?

லிட்டர் லிட்டராக ஊற்றிப் பார்த்தல்

இதுவரை செய்தது ஆயத்தம். முள் உண்மை சொல்லத் தொடங்குவது இங்கேதான்.

டேங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் பாதி உயரம் என்பது பாதி பெட்ரோல். அடி சரிந்தோ, டிஃபரன்ஷியலுக்கு இடம் விட்டுக் குடைந்தோ இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் ஊற்றித்தான் பார்க்க வேண்டும். டேங்கை வடித்துவிட்டு, சமதளத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் நிலையில் வையுங்கள். முன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி என்றால் அந்தத் தாழ்விலேயே. பின்னால் பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் மாட்டிவிட்டே. முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. வண்டியின் மூக்கு இறங்கினால் பெட்ரோலும் முன்பக்கம் ஓடும், முள்ளும் வேறு கதை சொல்லும்.

கேனில் பெட்ரோல் தர பங்குகள் தயங்கும், தயங்குவதும் நியாயம்தான். கூட்டமில்லாத நேரத்தில் தெரிந்த பங்குக்கே வண்டியை, வடித்தபின் அளந்து ஊற்றிய கொஞ்சம் பெட்ரோலோடு கொண்டுபோய், ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம் தள்ளி அளவெடுப்பது உத்தமம். அளவில் சந்தேகம் இருந்தால் பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், கேட்டுச் சரிபார்க்கலாம். பெட்ரோல் அலையடங்க ஒரு நிமிடம், முள் சூடேற இன்னொரு நிமிடம் விட்டு ஓமையும் முள்ளின் இடத்தையும் எழுதுங்கள். தாம்பரம் வண்டியில் வந்த எண்கள் இவை:

0 லிட்டர் – 240 ஓம்
5 லிட்டர் – 188 ஓம்
10 லிட்டர் – 152 ஓம்
20 லிட்டர் – 104 ஓம்
30 லிட்டர் – 71 ஓம்
40 லிட்டர் – 44 ஓம்
45 லிட்டர் – 33 ஓம்

மாற்றிப் பெட்டி இல்லாமல் இதையே பழைய மீட்டருக்கு நேராகக் கொடுத்திருந்தால், 30 லிட்டர் இருக்கும்போதே முள் பாதிக்கு இறங்கியிருக்கும். பெட்டி வைக்காதவர்கள் இந்தப் பட்டியலையே ஒரு அட்டையில் எழுதி கிளவ் பாக்ஸின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டால் போதும். முள்ளைத் திருத்தாவிட்டால் என்ன, அதன் பேச்சுக்கு அகராதி கையில் இருக்கிறது.

பெட்டி வைத்தவர்கள் காலிக் கோட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். டேங்கில் கடைசிச் சொட்டு தீரும் இடத்தில் வைக்காதீர்கள். உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்; அதற்குக் கீழே இருக்கும் பெட்ரோல் உங்களுடையதே இல்லை. அதற்குமேல் ஐந்து லிட்டராவது இருக்கும்போது முள் காலியைத் தொடட்டும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷன் போட்டு, பம்பை டேங்குக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இன்னும் தாராளமாக விடுங்கள். அந்தப் பம்ப் குளிர்வதே சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான். வறண்ட டேங்கில் ஓடினால் சூடேறிப் போய்விடும். தாம்பரம் வண்டியில் 6 லிட்டரில் காலி, 15-ல் கால், 25-ல் பாதி, 35-ல் முக்கால், 44-ல் ஃபுல் என்று பதிந்தேன்.

வெப்ப மீட்டர் சிலவற்றின் முதுகில் அடைத்த சிறு துளைகள் இரண்டு இருக்கும். உள்ளே இருக்கும் பல் அமைப்பை நகர்த்தி முள்ளின் தொடக்கத்தையும் வீச்சையும் திருத்தலாம். சோதனை ரெசிஸ்டர்களை மாட்டி வைத்துக்கொண்டு மயிரளவு மயிரளவாக நகர்த்துங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் நகரும். பொறுமை இல்லாதவர்கள் அந்த அடைப்பைத் திறக்காமல் இருப்பது மீட்டருக்கு நல்லது.

எல்லாம் முடிந்து யூனிட்டைத் திரும்ப மாட்டும்போது பழைய கார்க் பேக்கிங்கை மறுபடி போடாதீர்கள். எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பர் பேக்கிங் கேட்டு வாங்குங்கள். திருகுகளை ஒரு பக்கமாக முடித்துவிடாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டேங்கை நிரப்பி ஓர் இரவு விட்டு, காலையில் டிக்கியைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள், பிறகு வெள்ளைத் துணியால் விளிம்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ மஞ்சள் கறையோ பட்டால் பேக்கிங்கை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். மேலே சீலன்ட் அப்பி மறைக்க வேண்டாம்.